தொண்ணூற்று நான்கு சதவீதம் மெஷின்

மயிலாப்பூரில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என் வேலையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் 'சமத் குஷன் ஒர்க்ஸ்' என்று ஒரு போர்டு இருக்கும், அதன் பின்னாலேயே வீடு. அந்தச் சமத் நான்தான். முழுப்பெயர் அப்துல் சமத், வயது எழுபத்திரண்டு, படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் வீட்டு சோபா, அடையாறில் ஒரு பல் டாக்டரின் நாற்காலி, தி.நகரில் நகை வாங்க வருகிறவர்களை எழுந்திருக்க விடாத வழுவழு ஸ்டூல்கள், வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை பெண் சிம்மாசனம், எல்லாம் இந்தக் கை தைத்தது.

அந்தக் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையை ஒரு குஷன்மேல் வைத்து அழுத்தினால் போதும். உள்ளே தேங்காய் நாரா, ஃபோமா, பஞ்சா, தைத்து எத்தனை வருஷம் ஆயிற்று, தைத்தவன் வேலை தெரிந்தவனா தெரியாதவனா, எல்லாம் சொல்லிவிடுவேன். "என் கை ஒரு மெஷின்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் போன மார்ச் மாதம் நிஜமாகவே என்னை மெஷின் என்று சொல்லிவிட்டார்கள். கையை மட்டும் இல்லை, ஆளையே.

நடந்தது இதுதான். என் மகன் வயிற்றுப் பேத்தி அஃப்ரா அடையாறு பக்கம் ஒரு காலேஜில் இதழியல் படித்தாள். கடைசி வருஷத்து ப்ராஜெக்ட்டாக, ஊரில் ஒரு சாதாரண மனிதரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டும் பேனாவுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் தாத்தாவை நன்னா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நன்னா, உங்களப் பத்தித்தான் எழுதப் போறேன்."

"அப்போ தலைப்ப மாத்தச் சொல்லு. நான் இன்னா சாதாரண ஆளா?"

"அதெல்லாம் மாத்த முடியாது. நீங்க கொஞ்ச நாளைக்கு சாதாரணமா இருங்க."

ஐந்து ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கப் போனது, முதலாளி பார்க்காத நேரத்தில் தையல் கற்றது, ஜட்ஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கியது, சொந்தக் கடை போட்ட அன்று பெய்த மழை. அவளும் சொன்னது சொன்னபடி எழுதினாள். எழுதி முடித்து முழுக்கப் படித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மனசு நிறையவில்லை.

"இதுல அழுகையே இல்லியேம்மா" என்றேன்.

"நீங்க எந்த எடத்துலயும் அழலியே நன்னா. எங்க பாத்தாலும் ஜெயிச்சிட்டே வர்றீங்க. நான் என்ன பண்றது?"

அங்கேதான் என் புத்தி கெட்டுப் போயிற்று. மறுநாள் கடையில் தனியாக இருக்கும்போது செல்போனை எடுத்தேன். அதில் ஏஐ என்று ஒன்று இருக்கிறது. வாயால் சொன்னால் எழுதும், எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற என் மாதிரி ஆளுக்காகவே செய்தது. "ஒரு ஏழைப் பையன் அஞ்சாம் கிளாஸோட படிப்ப உட்டத, கேக்கறவங்க அழற மாதிரி எழுது" என்றேன். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் எழுதிவிட்டது. தெருவிளக்கு, கிழிந்த புத்தகம், பசி, அம்மாவின் நனைந்த முந்தானை, எல்லாம் இருந்தன. எனக்கே கண் கலங்கிவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்றுகூடத் தோன்றியது.

எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் இருந்தது. தெருவிளக்குக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. என் அத்தா ஒரு பேக்கரியில் மாஸ்டர், அதனால் ராத்திரி மிச்ச ரொட்டி வந்துவிடும், பசியும் கிடையாது. இருந்தாலும் அதை எட்டுத் தடவை படிக்க வைத்துக் கேட்டு மனப்பாடம் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, திடீரென்று ஞாபகம் வந்தவன்போல் கண்ணை மூடிக்கொண்டு அஃப்ராவிடம் ஒப்பித்தேன். குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். நான் கண்ணைத் திறக்காமலே பார்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவள் காலேஜிலிருந்து வந்தபோது முகம் சரியாக இல்லை. துப்பட்டா நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ப்ராஜெக்ட்ட ஒரு சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்திருக்காங்க நன்னா. மனுஷன் எழுதினதா, ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர். தொண்ணூத்தி நாலு சதவீதம் மெஷின்னு வந்திருக்கு."

நான் கொடுத்த ஒரு பத்தி அதற்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதா? ஆனால் ஒரு பத்தி எப்படித் தொண்ணூற்று நாலு ஆகும்? அதைச் சொல்லாமல் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"நோட்டக் காட்டினியா?"

"காட்டினேன். ஏஐ எழுதினதப் பாத்து நோட்டுல எழுதியிருக்கலாமேங்கறாங்க. நாப்பதுக்கு மேல வந்தா சைபர். அதான் ரூல். திங்கக்கெழம கமிட்டி. சைபர் போட்டுட்டா இந்த வருஷம் டிகிரி கிடையாது."

டிகிரி இல்லையென்றால் ஜூன் மாதம் அவள் சேர வேண்டிய பத்திரிகை ஆபீஸ் வேலையும் கிடையாது. அந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போனது எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் எழுதிச் சம்பாதிக்கப் போகிற முதல் ஆள் அவள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி ஜமீலுன்னிசா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அந்த மெஷின் மேல இன்னா தப்பு? நாப்பத்தெட்டு வருசமா நானுந்தான் இந்தக் கதைய கேக்கறேன். ஒரு எழுத்து மாறினது இல்ல. ஜட்ஜு கைகுடுத்த எடத்துல ஒரு இருமல் இருமுவாரு, அது கூட மாறாது. வேற இன்னான்னு சொல்லும் அது?"

"நீ சும்மா இரு, ஜமீலு."

"நான் சும்மாதான் இருந்தேன், நாப்பத்தெட்டு வருசமா."

அன்று சாயங்காலம் அஃப்ரா அந்த சாஃப்ட்வேரைத் தன் லேப்டாப்பில் திறந்து என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். காலேஜ் ஆபீஸ் அனுப்பிய லீவு அறிவிப்பைப் போட்டாள். எண்பத்து மூன்று சதவீதம் மெஷின் என்றது. அதை எழுதிய கிளார்க் ரிட்டயர் ஆகப் போகிறவர், இன்னும் தட்டச்சு மெஷினையே தேடுகிறவராம். பிறகு என் கடையின் கேரண்டி கார்டைப் போட்டாள். 1989-இல் அடித்தது: 'எங்களிடம் தைக்கப்படும் குஷன்கள் தரத்திலும் உழைப்பிலும் சிறந்தவை. மூன்று ஆண்டுகளுக்குத் தையல் பிரியாது.' தொண்ணூற்று ஒன்று. அந்த வருஷம் என் கடையில் இருந்த ஒரே மெஷின் காலால் மிதிக்கிற தையல் மெஷின். அதற்கு எழுத வராது. அதே கார்டில் ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். முப்பத்தெட்டு என்றது.

"பாத்தியா? புள்ளி ஒண்ணுல மனுஷன் ஆயிட்டேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வந்து உங்க மேடத்துகிட்ட பேசறேன்."

"வேணாம் நன்னா. நான் பாத்துக்கறேன். நீங்க வந்தா..." என்று நிறுத்தினாள்.

"வந்தா?"

"நீங்க பேசுவீங்க."

நான் எப்போது யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சலவைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, அவளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவளுடைய பேராசிரியை அபயாம்பாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், மயிலாப்பூர் மாட வீதிக்காரர். அறையில் மேஜைக்கு எதிரே ஒரு சோபா. உட்காரச் சொன்னார். நான் உட்காருவதற்கு முன் வழக்கம்போல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"நாலு வருஷம் ஆன ஃபோம். மட்டமான சரக்கு. தச்சவன் அரைகுறை. எவன் தலையில கட்டினான் மேடம் இத?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் வாங்கினது. நீங்க உட்காருங்கோ."

மேஜைமேல் அஃப்ராவின் ப்ராஜெக்ட் இருந்தது. பிரிண்ட் எடுத்த தாள்களில் வரிக்கு வரி மஞ்சள். மஞ்சள் பூசிய இடமெல்லாம் மெஷின் எழுதியது என்று அர்த்தமாம். மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்தது என் வாழ்க்கை.

"மேடம், இது பூரா என் வாயில வந்தது. வேணுன்னா கேளுங்க" என்றேன்.

"சரி, கடை ஆரம்பிச்ச அன்னிக்கு என்ன நடந்தது?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் தாளில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார். மழை, சந்தில் முழங்கால் தண்ணீர், முதல் வாடிக்கையாளர் குடையோடு வந்து நின்றது. விரல் வரி வரியாக இறங்கியது. எங்கேயும் நிற்கவில்லை. நான் முடித்த இடத்தில் அவர் விரலும் முற்றுப்புள்ளியில் போய் நின்றது.

"ஒரு வார்த்தைகூட மாறலையே!"

"மாறாது மேடம். நாப்பது வருஷமா மாறினதில்ல." எனக்கு மார்பு விரிந்துவிட்டது.

"அதான் கஷ்டம். இதை நீங்க கமிட்டியில இப்படிச் சொன்னா, பேத்தி எழுதினதை மனப்பாடம் பண்ணிண்டு வந்திருக்கார்னு சொல்லுவா. எனக்கு அஃப்ரா மேல நம்பிக்கை இருக்கு சார். ஆனா நம்பிக்கையை நான் தாள்ல பிரிண்ட் எடுத்துக் காட்ட முடியாது. இதைக் காட்டறா அவா." மஞ்சள் தாள்களைத் தட்டினார்.

அஃப்ரா என்னைப் பார்க்கவில்லை. காப்பாற்ற வந்தவன் இருந்ததையும் கெடுத்தாயிற்று. அவள் மடியிலிருந்து நோட்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவள், குனிந்தபடியே சோபா குஷனின் அடியோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்னா. இதக் கொஞ்சம் பாருங்க."

குஷனைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்புறத்தில் நீலத் துணியில் ஒரு பட்டி, நான்கு பக்கமும் தைத்தது. சமத் குஷன் ஒர்க்ஸ், மயிலாப்பூர். ஃபோன் நம்பரோடு.

பேராசிரியை எழுந்து வந்து படித்தார். அது வரை சிரிக்காதவர், சிரித்தார். "தச்சவன் அரைகுறைன்னேளே!"

குஷனைத் திருப்பி வைத்து, பட்டி தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சொந்த வேலையைச் சொந்தக் கைக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த சாஃப்ட்வேர் ஆளை மாற்றிச் சொன்னாலும், எழுதியவனை அரைகுறை என்று திட்டவாவது இல்லை.

அவர் போய் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார். "இதுல ஒரே ஒரு இடம்தான் மஞ்சள் இல்லாம வெள்ளையா இருக்கு. அந்த ஒரு பத்திய மட்டும் மனுஷர் எழுதினதுன்னு ஒத்துண்டிருக்கு. நேக்கும் அப்படித்தான் தோணித்து. படிக்கறச்சே கண்ணுல ஜலம் வந்துடுத்து. தெருவிளக்கு, அம்மாவோட முந்தானை... இந்த ஒரு பத்திய வெச்சுண்டுதான் அஃப்ராவுக்காகக் கமிட்டியில பேசலாம்னு இருக்கேன்."

சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பத்தியை வைத்தே அவள் தப்பித்திருக்கலாம். நான்தான் காப்பாற்றினேன் என்று பிறகு இன்னும் நாற்பது வருஷத்துக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அஃப்ரா அந்த வெள்ளைப் பத்தியை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் எழுதியதிலேயே அவளுடையதும் இல்லாத, என்னுடையதும் இல்லாத ஒன்று அவளுக்காகச் சாட்சி சொல்லப் போகிறது. நாளைக்கு யாராவது பேக்கரி மாஸ்டர் வீட்டில் ஏது பசி என்று கேட்டால், பொய் சொன்னவள் என்று பேர் வாங்கப் போவதும் அவள்தான்.

செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"மேடம், அந்த ஒரு பத்திதான் மெஷின் எழுதினது."

"என்ன?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். இவளுக்குத் தெரியாது. இதுல எல்லாம் கீது, பாருங்க. நான் கேட்டது, அது எழுதினது, தேதி, டைம். மத்தது பூரா என் வாயி. இது மட்டும் இல்ல."

பேராசிரியை போனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். வரிக்கு வரி ஒன்றாக இருந்தது.

"நன்னா," என்றாள் அஃப்ரா. மெதுவாகத்தான் சொன்னாள். "அந்தப் பத்திய நான் எத்தன தடவ படிச்சு அழுதேன் தெரியுமா?"

"நானுந்தாம்மா அழுதேன்."

"சிரிப்புக் காட்டாதீங்க. ஒண்ணு கேக்கறேன். அது பொய்னா, நிஜமா ஏன் ஸ்கூல விட்டீங்க?"

அறுபது வருஷமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: குடும்பக் கஷ்டம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தாவின் ரொட்டி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். பிறகு, எந்த வரிசையும் இல்லாமல், தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"அஞ்சாம் கிளாஸ்ல 'எங்கள் வீடு'ன்னு கட்டுரை எழுதச் சொன்னாரு வாத்தியாரு. எனக்கு ஒண்ணும் எழுத வரல. பக்கத்துல ராமானுஜம், வடக்கு மாட வீதிப் பையன். அவன் எழுதினத அப்படியே பாத்து எழுதிட்டேன். வாத்தியாரு படிச்சாரு. 'எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்போம், சுண்டல் கொடுப்போம்'னு கீது."

பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாத்தியாரு கோவமே படல. 'சமத், உங்க வீட்டுல கொலு எத்தன படி?'ன்னாரு. அப்பவாச்சும் தலையக் குனிஞ்சிருக்கலாம். ராமானுஜம் ஏழுன்னு எழுதியிருந்தான். நான் 'ஒம்போது சார்'னு சொன்னேன்."

அஃப்ராவின் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

"கிளாஸே சிரிச்சுது. பெஞ்சு மேல ஏறி நின்னேன். மறுநாள் ஸ்கூலுக்குப் போல. மாமா மெத்தக் கடைல போயி ஒக்காந்துட்டேன். அத்தா எவ்ளோ சொன்னாரு, போவலியே. கஷ்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெக்கம். அவ்ளோதான்."

பிறகு பேராசிரியை ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து அஃப்ராவிடம் நீட்டினார்.

"இதை இங்கேயே, என் முன்னாடியே எழுது. அந்தப் பத்திய எடுத்துடலாம். அதுக்கு உண்டான மார்க்க நான் குறைச்சாகணும், தாத்தா பண்ணின காரியத்துக்கு. கமிட்டியில இந்தப் போனையும் இந்த மஞ்சள் தாளையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறேன். மெஷின் எழுதின ஒண்ண மனுஷன்னும், மனுஷர் சொன்ன அத்தனையையும் மெஷின்னும் சொல்லியிருக்கு. இதை வெச்சுண்டு ஒரு பொண்ணுக்கு எப்படி சைபர் போடறதுன்னு அவாளே சொல்லட்டும்."

அஃப்ரா அந்தச் சோபாவில், என் அரைகுறை வேலையின் மேல் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் எழுதினாள். நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாம் தடவை கொஞ்சம் கோபம் குறைந்திருந்தது.

திங்கட்கிழமை நானும் போய்க் கமிட்டியின் முன் நின்றேன். அஃப்ரா சொல்லியிருந்தபடி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. எட்டு மார்க் குறைத்துக்கொண்டு ப்ராஜெக்ட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஜூன் இரண்டாம் தேதி அவள் வேலையில் சேர்ந்தாள். அந்தக் கொலுப் பத்தியை அவள் வீட்டில் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தாள். எழுபத்தேழு சதவீதம் மெஷின் என்றது. நான் வெட்கப்பட்ட அந்த ஒரு நாளைக்கூட அது ஒத்துக்கொள்ளவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டாள். கமிட்டி முடிந்த அன்றைக்கே ஆள் அனுப்பி, காலேஜ் சோபாவைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். பட்டியை மட்டும் இந்தத் தடவை மேலேயே தெரிகிற மாதிரி வைத்துத் தைத்தேன்.

ராமானுஜம் இப்போது நங்கநல்லூரில் மகனோடு இருக்கிறான். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கச் சிரித்தான்.

"டேய் சமத், எங்காத்துல ஏழு படி இல்லடா. அஞ்சுதான். கட்டுரைல எழுதறச்சே நான்தான் ரெண்டு ஏத்திண்டேன்."

"அடப்பாவி. அப்போ நான் பாத்து எழுதினதே பொய்யா?"

"உன்ன மட்டும்தானே பெஞ்சு மேல ஏத்தினார். நேக்கு பத்துக்கு எட்டு போட்டார்."

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் ஜட்ஜ் கதையைச் சொல்வதில்லை, கொலுக் கதையைத்தான் சொல்கிறேன். வெட்கப்பட்டதைச் சொன்னால் ஜனங்களுக்கு என்ன பிடிக்கிறது என்கிறீர்கள்! மூன்றாம் தடவை சொல்லும்போதே வாக்கியங்கள் தானாக வரிசையில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டன. 'சார்' என்று சொல்கிற இடத்தில் ஒரு சின்ன இருமலும் சேர்ந்துவிட்டது. நேற்று திரைத்துணிக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வாத்தியார் கேட்டாரும்மா, எத்தன படின்னு. நான் டாண்ணு சொன்னேன், பதினொண்ணு சார்னு."

"ஒம்போது" என்றாள் ஜமீலுன்னிசா, உள்ளேயிருந்து.